பெருந்தோளி வைத்தியம் பார்த்த ஞாயிறுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கடையில் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கோபம் இல்லை. எவர்சில்வர் தட்டில் நான் உருட்டிய டைஸ் நின்ற எண்ணைப் பார்த்தேன், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அடப்பாவமே என்று அதிர்ந்து போனேன். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். நானும் அதுவரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். படிக்கும் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் செய்தித்தாளையோ பைபிளையோ கொண்டுவந்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி டைஸை அள்ளி மேசையில் போட்டார். எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம் என்று விதவிதமாக இருந்தன. எல்லாவற்றிலும் கடுகளவு எண்கள். "இது தெரிஞ்சா போதும்மா. மத்ததெல்லாம் மங்கலாவே இருக்கட்டும்" என்றார்.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருக்க, இவர் மட்டும் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் இங்கே இருப்பார். தெருவில் எல்லோரும் ஐயா என்பதைப் பிரெஞ்சில் முசியே என்று கூப்பிடுவதால் நாங்களும் முசியே என்றே கூப்பிட்டோம். அவருடைய மகன் சின்ன வயதில் ஆடிவிட்டுத் தூக்கிப் போட்ட ஒரு பெட்டியை அவர் ஊருக்கு எடுத்து வந்திருந்தார். அதில் டைஸும் பிரெஞ்சில் ஒரு தடித்த புத்தகமும் இருந்தன. கூட ஆட ஆள் இல்லை.

ஆட்டம் கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் சுலபம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்கிறாய் என்று கதை சொல்பவர் கேட்பார். தாண்டிக் குதிக்கிறேன் என்று நான் சொன்னால், இருபது பக்க டைஸை உருட்டி, என் பாத்திரத்தின் பலத்தை அதில் கூட்டிக்கொள்ள வேண்டும். கணக்கு எட்டினால் அக்கரை, எட்டாவிட்டால் ஆற்றில். அவ்வளவுதான் சங்கதி.

என் கணவர் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அந்தச் சமயத்தில் முட்டி ஜவ்வு கிழிந்து கட்டுப்போட்டு வீட்டில் கிடந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். சமையலறை வரைக்கும் நொண்டி வந்து குழம்பில் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார். இவரைத் தள்ளிவிட ஓர் இடம் கிடைத்ததே என்று முசியேவை முதலியார்பேட்டையில் இருக்கும் எங்கள் மாடி வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரே மாதத்தில் புத்தகத்துக்குச் சொந்தக்காரரை விட என் கணவருக்கு ஆட்டம் அத்துப்படி ஆகிவிட்டது. கதை சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பள்ளியிலும் மாஸ்டர், இங்கேயும் மாஸ்டர்.

நாலாவது ஆள் எங்கள் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவள் அப்பா, வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல உயரம், அகன்ற தோள், என்னைப் போல் ஒன்றரை மடங்கு. குழந்தைகள் அழாதபடி ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள் என்று பேர் வாங்கியவள். மத்தியானம் என்னோடு டீ குடிக்க வருவாள். ஞாயிற்றுக்கிழமை வா என்று நான்தான் கூப்பிட்டேன்.

முசியே புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, மாஸ்டர் எழுதிக்கொண்டார். அந்தக் கதை உலகத்தில் மனிதர்கள் மட்டும் இல்லை. நீண்ட ஆயுளும் கூரிய அறிவும் உள்ள ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு ஒளியர் என்று பேர் வைத்தோம். நிலத்துக்கடியில் வாழும் குட்டையர் உண்டு. வாசற்காலில் குனிந்து நுழையும் அளவுக்குப் பெரிய உடம்புக்காரர்கள் உண்டு. அவர்களைப் பெருந்தோளர் என்றோம். இதற்கெல்லாம் பொதுவாக என்ன தலைப்பு போடுவது என்று யோசிக்காமலே மாஸ்டர் மேலே 'ஜாதி' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் வீட்டு மேசையில இந்த வார்த்தய எழுதின, பேப்பரக் கிழிச்சிப் போட்டுடுவேன்" என்றேன். அடித்துவிட்டு 'பிறப்பு' என்று எழுதினார். வார்த்தைதான் மாறியது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறப்பைப் பொறுத்து கூட்டல் கழித்தல் உண்டு. ஒளியருக்கு அறிவில் மூன்று கூட்ட வேண்டும். பெருந்தோளருக்குப் பலத்தில் மூன்று கூட்டி அறிவில் மூன்று கழிக்க வேண்டும். இதோடு எங்கள் மேசைக்கென்று ஒரு வழக்கத்தையும் மாஸ்டர் கொண்டுவந்தார். யாரும் தன் பிறப்பைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. தானே உருட்டவும் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் உருட்டிக் கொடுக்க வேண்டும். விழுகிற எண்ணுக்கு எந்தப் பிறப்போ அதுதான். "எவனும் கேட்டா பொறக்கறான்? இன்னொருத்தர்தானே பெத்துப் போடறாங்க" என்று விளக்கம் வேறு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முசியேவுக்கு அந்தப் பெண் உருட்டினாள், ஒளியராகப் பிறந்தார். எனக்கு முசியே உருட்டினார், குட்டையாகப் பிறந்தேன். நிஜத்திலும் அப்படித்தான் என்பதால் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்கு உருட்ட வேண்டியது நான். உருட்டுவதற்கு முன்னாலேயே அவள் தன் பாத்திரத்தை யோசித்து வைத்திருந்தாள். வைத்தியர். மூலிகை தெரிந்தவள், நாடி பிடித்தே நோய் சொல்பவள். வைத்தியராக அறிவு பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அவளுக்கு டைஸில் பதின்மூன்று விழுந்திருந்தது. முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் உருட்டினேன். பெருந்தோளி. பதின்மூன்றில் மூன்று போனால் பத்து.

"அப்ப வைத்தியர் ஆக முடியாதும்மா" என்றார் மாஸ்டர். "சண்டக்காரியா ஆகிடு. செம்மயா இருக்கும். ஒரே அடியில கதவு ஒடையும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் அதிர்ந்து போனது அந்த முகத்தைப் பார்த்துத்தான். ஏனென்றால் டீ குடிக்கும்போது அவள் என்னிடம் சொல்லியிருந்த விஷயம் இந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் உடம்பைப் பார்த்துவிட்டு எல்லோரும் குண்டு எறியத்தான் அனுப்பினார்களாம். வினாடி வினா போட்டிக்குப் பேர் கொடுக்கப் போனால், நீ இங்க இன்னாம்மா பண்ற, கிரவுண்டுக்குப் போ என்பார்களாம். குண்டு எறிந்து மெடல் வாங்கினாள். அந்த மெடலைப் பார்த்தாலே எரிச்சல் வரும் என்றாள். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டபோது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு எழுதேன் என்று சொந்த மாமாவே சொன்னாராம். கடைசியில் லேப் டிப்ளமா மட்டும்தான் கிடைத்தது. "ஒரு எடத்துலயாவது யோசிக்கறவளா இருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு ஆட வந்தாள். வந்த இடத்தில் என் கையாலேயே அவளை மறுபடி குண்டு எறிய அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு அவள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் பெரிய சண்டை. முசியே டீயை வைத்துக்கொண்டு நடுவில் மாட்டிக்கொண்டார்.

"மூளையில ஏன் கழிக்கற?" என்றேன்.

"கழிக்கலன்னா எல்லாம் ஒண்ணாயிடும்டி. பெருந்தோளனும் ஒளியனும் கையப் புடிச்சி பலப்பரீட்ச பண்ணா யாரு ஜெயிக்கணும்? ரெண்டு பேரும் சமம்னா இன்னாத்துக்கு பெருந்தோளன்? ஃபேன்சி டிரஸ் போட்டியா நடத்தறோம்? நான் கிரவுண்டுல தெனம் பாக்கறேன். ஒரு புள்ளயோட கால பாத்தா போதும், ஓடுமா தாண்டுமான்னு சொல்லிடுவேன்."

"தோளப் பாத்து தூக்கறத சொல்லு. தோளப் பாத்து மூளய எப்பிடி சொல்ற?"

"ஒண்ணு குடுத்தா ஒண்ணு எடுக்கணும். அதான் பேலன்ஸ்."

"அப்ப ஒளியன்கிட்டேர்ந்து இன்னாத்த எடுத்த?"

அவர் தாளைப் பார்த்தார். ஒளியருக்கு அறிவில் மூன்று கொடுத்துவிட்டுப் பலத்தில் ஒன்றே ஒன்று கழித்திருந்தது. முசியே தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். "அங்கயும் எனக்கு பாஸ்போர்ட்டு கெடச்சிடுச்சி பாரு" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரும் அவர் சிநேகிதர் ஒருவரும் ஒரே தெருவில் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று முசியேவின் தாத்தா கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுத் தாத்தா போடவில்லை. இவருக்கு ராணுவ வேலை, வெளிநாடு, பென்ஷன் எல்லாம் கிடைத்தது. அந்த சிநேகிதர் இந்த வயதிலும் ஓர் அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன். "வாழ்க்கையில அப்பிடித்தாம்மா இருக்கு. பொறப்பு குடுக்கும், பொறப்பு எடுக்கும்" என்றார்.

"வாழ்க்கையில இருக்கற கண்றாவிய ஞாயித்துக்கெழமயும் கட்டிக்கிட்டு அழணுமா?" என்றேன். முசியே டீயைக் குடித்து முடித்தார். மாஸ்டர் மட்டும், புத்தகத்தில் இருப்பதுதானே, நானா கண்டுபிடித்தேன் என்று முணுமுணுத்தார்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். கையில் பிள்ளைச்சாவடியில் வாங்கிய வஞ்சிரம் வேறு. அவள் உட்கார்ந்ததும் முசியே தொண்டையைக் கனைத்தார். வாரம் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்றார்.

அவர் குடும்பத்தில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், ஒரு காரியம் செய்தார்களாம். தன் ஜாதி வழக்கத்தையும் குடும்பப் பேரையும் விட்டுவிடுகிறேன், இனி பிரெஞ்சுச் சட்டம்தான் எனக்குச் சட்டம் என்று அதிகாரி முன்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும். ரெனோன்சியாசியோன் என்று அதற்குப் பேர். சொல்லிவிட்டால் புதுப் பேர் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை, பேரப்பிள்ளை எல்லோருக்கும் அதுவே பேர். சட்டத்துக்கு முன்னால் அவர்களும் வெள்ளைக்காரர்களும் ஒன்று என்று ஆகிவிடும். ஊரில் இப்படிச் செய்த குடும்பங்கள் நிறைய உண்டு.

"அத இங்க ரூலா வெச்சிக்கலாம்" என்றார் முசியே. "யாரு வேணும்னாலும் பொறப்ப விட்டுடறேன்னு சொல்லலாம். கூட்டலும் போச்சி, கழித்தலும் போச்சி. புதுப் பேரு வெச்சிக்கணும். பழைய கூட்டத்துக்காரங்க அப்புறம் சேத்துக்க மாட்டாங்க. அவ்ளோதான். இந்தப் பொண்ணுக்கு அறிவு பதிமூணாவே நிக்கும், வைத்தியம் பாக்கலாம்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. மாஸ்டருக்கும் பிடித்துவிட்டது, புத்தகத்தையும் மீறாமல் வீட்டில் சண்டையும் இல்லாமல் காரியம் முடிகிறதே. மூன்று பேரும் ஆவலோடு அவளைப் பார்த்தோம். மாஸ்டர் ரப்பரைக்கூட எடுத்து அவள் பக்கம் தள்ளினார், அழித்துக்கொள்ளட்டும் என்று.

அவள் ரப்பரைத் தொடவில்லை.

"எனக்கு வேணாம் முசியே" என்றாள்.

"ஏம்மா? நீதானே வைத்தியரா இருக்கணும்ன?"

"இருக்கணும்தான். ஆனா என் தோளு எனக்குப் புடிச்சிருக்கு. நான் பெருந்தோளிதான். நீங்க தப்பா ஒரு ரூல் போட்டு வெச்சிட்டு, அதுக்கு நான் எதுக்கு என் பொறப்ப விடணும்?"

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. எனக்குத் திக்கென்றது. நான் அவளுக்காக அவ்வளவு சண்டை போட்டேனே, கடைசியில் அவள் தன்னை அழித்துக்கொள்ளப் போகிறாள் என்று சந்தோஷப்பட்டல்லவா உட்கார்ந்திருந்தேன்.

முசியேவின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நான் செய்து கொடுத்த கண்ணாடி அது. துடைக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பேச்சை மாற்றலாம் என்று, "உங்க வீட்டுப் பழைய பேரு இன்னா முசியே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"தெரியாதும்மா" என்றார். "எங்கப்பாவுக்கும் தெரியாது. வீட்ல ஒருத்தரும் சொல்லல. கேக்கணும்னும் தோணல."

அத்தனை வயசு மனுஷன், உலகம் சுற்றியவர், சொந்தக் குடும்பத்தின் பேர் தெரியாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மேற்கொண்டு ஆட்டம் நடக்கவில்லை. வஞ்சிரத்தை வறுத்துப் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று அவள் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "வைத்தியர்னு பட்டம் வேணாம் சார். பட்டம் இல்லாதவ வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

மாஸ்டர் யோசித்தார். என் கணவரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ரூலை யாருக்காகவும் வளைக்க மாட்டார், தனக்காகவும் வளைக்க மாட்டார். "இல்ல. யாரும் பாக்கலாம். ஆனா பட்டம் இல்லன்னா டைஸ்ல மூணு கொறயும்" என்றார்.

"கொறயட்டும்" என்றாள்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகள் இப்படித்தான் போயின. கதையில் எங்கள் கூட்டம் ஊர் ஊராகப் போகும். போகிற ஊரிலெல்லாம் யாருக்காவது காய்ச்சல், யாரையாவது பாம்பு கடித்திருக்கும். பெருந்தோளி முன்னால் போய் நிற்பாள். என்ன அறிகுறி என்று விசாரிப்பாள். லேபில் வேலை பார்ப்பவள் இல்லையா, கேட்க வேண்டியதை எல்லாம் சரியாகக் கேட்பாள். எச்சில் பச்சையாக இருக்கிறதா, கண் மஞ்சளா, தண்ணீர் எந்தக் கிணறு என்று. மாஸ்டரே அசந்துபோய் பதில் சொல்வார். பிறகு டைஸை உருட்டுவாள். மூன்று குறையும். நோயாளி செத்துப்போவான்.

ஒரு வாரம் பால் குடிக்கும் குழந்தை ஒன்று. அவள் கேட்ட கேள்விகளிலேயே நோய் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டைஸில் பதினொன்று விழுந்தது. பத்து இருந்தால் போதும். "மூணு போச்சின்னா எட்டு" என்றார் மாஸ்டர். முசியே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். நான் மாஸ்டரைக் கண்டபடி திட்டினேன். விளையாட்டுக் குழந்தை, காற்றில் செய்த குழந்தை, அதற்காக அவ்வளவு கத்தினேன் என்றால் நம்புவீர்களா. அவள் மட்டும் அமைதியாக டைஸை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"போதும், விட்டுடும்மா" என்றேன் அவளிடம், படியிறங்கும்போது.

"விட்டுட்டா சார் சொன்னது சரின்னு ஆயிடும்க்கா" என்றாள்.

நான் கத்தியும் நடக்கவில்லை, முசியே குழைந்தும் நடக்கவில்லை. மாஸ்டர் மாறியது வீட்டில் இல்லை. முட்டி சரியாகி, கோடை விடுமுறை முடிந்து, பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு சாயங்காலம் அவர் திரும்பி வந்து ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன ஆச்சு, மறுபடி முட்டியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். முகம் வெளிறிக் கிடந்தது. எனக்குப் பயமே வந்துவிட்டது.

வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வந்ததும் அவர் கிரவுண்டில் வரிசையாக நிற்கவைத்துப் பிரிப்பார். நீ ஓட்டம், நீ தாண்டுதல், நீ குண்டு என்று கையைக் காட்டிக்கொண்டே போவார். ஆள் பார்த்துப் பிரிப்பதில் அவரைப் போல் யாரும் கிடையாது என்று பள்ளியில் பேர். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாராம். வரிசையில் வாட்டசாட்டமாக ஒரு பெண் குழந்தை.

"நான் கையக் காட்டவே இல்லடி" என்றார். "அதோட பேரத்தான் கேட்டேன். பேரச் சொல்லிட்டு, அதுவா நடந்து போயி குண்டு வெச்சிருக்கற பக்கம் நின்னுகிச்சி. யாரு உன்ன அங்க போகச் சொன்னதுன்னு கேட்டேன். நான் எப்பவும் இங்கதான் சார் நிப்பேன், அப்டின்னுச்சி."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷமாகப் பிள்ளைகளைப் பிரித்துவிட்ட மனுஷன். அவர் கை காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு குழந்தை தன்னைப் பிரித்துக்கொண்டு போய் நிற்கிறது. கோபப்பட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"உனக்கு இன்னா விளையாடணும்னு கேட்டேன்" என்றார் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே. "அதுக்குப் பதில் தெரியல. ஒருத்தரும் கேட்டதில்ல போல. நாளைக்கு சொல்றேன் சார்னுச்சி."

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்ததும் மாஸ்டர் தாளை நடுவில் வைத்து, பேனாவால் சில கோடுகள் இழுத்தார். பிறப்பு என்றால் உடம்பு மட்டும், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றார். பெருந்தோளர் பாரம் தூக்குவார்கள், குட்டையர் இருட்டில் பார்ப்பார்கள், ஒளியர் நெடுநாள் வாழ்வார்கள். அதில் கை வைக்கப் போவதில்லை. ஆனால் அறிவில் ஒருவருக்கும் கூட்டலும் கிடையாது, கழித்தலும் கிடையாது. "யாருக்கு இன்னா தெரியும்ன்றது, எங்க வளந்தாங்க, யார்கிட்ட கத்துகிட்டாங்கன்றதப் பொறுத்து. அத நீங்களே சொல்லுங்க. நான் கேட்டு எழுதிக்கறேன்."

முசியேவின் ஒளியருக்கு அறிவில் மூன்று போனது. அவர் தாமே ரப்பரை எடுத்து அழித்தார், ஊதினார், தூசியைத் தட்டிவிட்டார். அவளுக்குப் பதின்மூன்று திரும்பி வந்தது.

"வைத்தியர்னு எழுதிக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"எழுதிக்கம்மா" என்றார்.

எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

அன்றைய கதையில் நாங்கள் ஒரு மலை ஏறினோம். உச்சியில் முசியேவின் ஒளியரை விஷப் பாம்பு கடித்துவிட்டது. முந்நூறு வயசுக் கிழம், எங்கள் கூட்டத்திலேயே பெரிய தலை. மருந்துச்செடி அடிவாரத்தில்தான் இருக்கிறது. என்னைப் போன்ற குட்டையால் என்ன செய்ய முடியும்? பெருந்தோளி அவரை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வேறு எந்தப் பிறப்பாக இருந்தாலும் பாதி வழியில் விழுந்திருப்பார்கள். கீழே இறக்கிக் கிடத்தினாள். கடிவாய் எப்படி இருக்கிறது, வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தச் செடி, வேரா இலையா என்று சொன்னாள். எல்லாம் சரி. மாஸ்டருக்கே வேர்த்துவிட்டது. "பண்ணெண்டு வந்தா பொழச்சிடுவாரு. இருபதுல பண்ணெண்டு. வைத்தியர்ன்றதால மூணு கூட்டிக்க" என்றார்.

அவள் டைஸைக் கைக்குள் மூடி வைத்திருந்தாள். நான் மனசுக்குள் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தட்டில் சலங்கைபோல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி நின்றது.

ஒன்று.

மூன்று கூட்டினாலும் நாலு. "மோன் தியோ, கடவுளே" என்றார் முசியே மெதுவாக, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. செத்தது அவர்தானே. மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்னொரு தரம் உருட்டு என்று சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ரூலை வளைக்கப் போகிறார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழ்வீட்டில்கூட யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிவிட்டது என்று நான் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்தேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னைக்குத்தான் எதுவும் கழிக்காம, எல்லாரும் தோக்கற மாதிரி தோத்தேன்."